18 அணியோடு நிறுத்தியிருந்தால் என்.ஏ.எஸ்.எல். பிழைத்திருக்குமா?

பதினெட்டாம்படி:
பக்கத்துத் திரியில் ஒருவர் "பெலே போனார், லீக் செத்தது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். கைதட்ட ஒரு கூட்டம் வேறு. 1984 சீசனோடு நின்றுபோன கால்பந்து லீக், வட அமெரிக்க சாக்கர் லீக்கை (என்.ஏ.எஸ்.எல்.) பற்றி எழுதுகிறவர் ஆண்டுக் கணக்கை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? பெலே கடைசியாக ஆடியது 1977. அந்த வருஷம் நியூயார்க் காஸ்மோஸின் சராசரிக் கூட்டம் 34 ஆயிரம். அவர் இல்லாத 1978-ல் 47 ஆயிரம். லீக் முழுக்கப் பார்த்தால் உச்சம் 1980-ல், 14 ஆயிரத்துக்கு மேல். பிணத்தைப் பார்க்கவா டிக்கெட் வாங்கினார்கள்?

கொன்றது 24 என்கிற எண். 1978-ல் கமிஷனர் ஃபில் வூஸ்னம் 18 அணியை ஒரே மூச்சில் 24 ஆக்கினார். கொலராடோ, டெட்ராய்ட், ஹூஸ்டன், மெம்பிஸ், நியூ இங்கிலாந்து, ஃபிலடெல்ஃபியா. 1984 கடைசி சீசனில் இந்த ஆறில் ஒன்றுகூட இல்லை. கதவை 18-லேயே சாத்தியிருந்தால் லீக் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். மறுக்கிறவர்கள் வரலாம்.

செயற்கைப்புல்:
வந்துவிட்டேன். ஆறும் போனது சரி. உங்கள் புனிதமான 18-ன் கதை என்ன ஆச்சு? ராச்செஸ்டரும் பழைய வாஷிங்டனும் 1980-ல் மூடல். டல்லாஸ், லாஸ் ஏஞ்சலஸ், மினசோட்டா கிக்ஸ், செயின்ட் லூயிஸிலிருந்து போன கலிஃபோர்னியா சர்ஃப், நாலும் 1981-ல் காலி. போர்ட்லாந்தும், கனெக்டிகட்டில் தொடங்கி ஓக்லண்ட் வழியாக எட்மன்டன் போய்ச் சேர்ந்த அணியும் 1982. சியாட்டில் 1983. எண்ணிப் பாருங்கள், ஒன்பது. 18-ல் பாதி. அதில் கிக்ஸ் 1977-ல் 32 ஆயிரம் பேரை வரவழைத்த அணி. டல்லாஸ் லாமார் ஹன்ட்டின் அணி, பணத்துக்குக் குறைவே இல்லை. அவர்களையும் மெம்பிஸ்தான் கொன்றதா?

பதினெட்டாம்படி:
ஆமாம், மெம்பிஸ்தான் கொன்றது. புரியும்படி சொல்கிறேன். அணிக்கு 20 பேர் என்று வைத்தாலும் ஆறு அணிக்கு 120 பேர். அவ்வளவு தொழில்முறை ஆட்டக்காரர்கள் அமெரிக்காவில் ஏது? இங்கிலாந்து சீசன் மே மாதம் முடிந்ததும் கோடைக்கு மட்டும் கடன் வாங்கி வருவார்கள். அந்தச் சந்தையில் 18 பேர் ஏலம் கேட்ட இடத்தில் 24 பேர் கேட்டால் விலை ஏறாதா? ஏறிய விலையை டல்லாஸும்தான் கொடுத்தது, கிக்ஸும்தான் கொடுத்தது. ஆறு பேரின் பசிக்கு ஒன்பது பேர் மொய் எழுதினார்கள்.

டிரா இல்லை, தலைக்கு 30 ஆட்டம், அதில் 15 வெளியூர், கண்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விமானம். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா_கேட்டேன்:
"பிழைத்திருக்கும்" என்றால் எப்படி? பெயர் மட்டும் இருந்தால் போதுமா, அதே முதலாளிகள் இருக்க வேண்டுமா, முதல்தர லீக்காகவே இருக்க வேண்டுமா? அதை முதலில் முடிவு செய்தால் பேச வசதி.

செயற்கைப்புல்:
மெம்பிஸ், மெம்பிஸ். அந்த "உருப்படாத" ஆறில் டெட்ராய்ட் எக்ஸ்பிரஸ் முதல் வருஷமே 20 ஆட்டம் ஜெயித்தது. டிரெவர் ஃபிரான்சிஸ் 22 கோல். நியூ இங்கிலாந்து டீ மென்னில் மைக் ஃபிளனகன் 30 கோல், அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது. வாசலில் நிறுத்த வேண்டியவர்கள் இவர்களா?

பதினெட்டாம்படி:
என் வேலையை நீங்களே செய்கிறீர்கள், நன்றி. ஃபிளனகன் சார்ல்டனிலிருந்து கடன் வாங்கியவர். 1979-ல் அவர் திரும்ப வரவில்லை. அணி பிளேஆஃப் பக்கமே போகவில்லை. மைதானத்தைப் பாருங்கள்: பக்கத்துக் குதிரைப் பந்தயத் திடலோடு வழக்கு, ஷேஃபர் ஸ்டேடியத்தை விட்டு பாஸ்டன் பல்கலைக்கழக மைதானத்துக்குக் குடிபெயர்வு. 1981-ல் ஜாக்சன்வில். லிப்டன் கம்பெனிக்காரர்கள் நடத்திய அணி. டீக்கடை பெஞ்சுக்குக்கூட இதைவிட நிலையான இடம் உண்டு.

முப்பத்தைந்து_கெஜம்:
24, 18 என்று ஏலம் விட்டுக்கொண்டே இருங்கள். அமெரிக்கனை உட்கார வைத்தது விதிகள். ஆஃப்சைடு (தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்று பந்து வாங்கும் குற்றம்) தொடங்கும் கோடு நடுக்கோட்டில் இல்லை, கோலிலிருந்து 35 கெஜத்தில். அதனால் நடுக்களம் விரிந்தது. சமன் ஆனால் ஷூட்அவுட்: பந்து 35 கெஜத்தில், ஐந்து விநாடி, கீப்பர் ஓடி வரலாம், பக்கத்துக்கு ஐந்து பேர். வெற்றிக்கு 6 புள்ளி, கோலுக்கு ஒன்று வீதம் மூன்று வரை போனஸ். 3-4 என்று தோற்றாலும் 3 புள்ளி, 1-0 என்று ஜெயித்தால் 7. ஃபிஃபா 1982-ல் அந்தக் கோட்டை எடுக்க வைத்தது. மாற்று வரலாறு எழுதுவதானால் அங்கே தொடங்குங்கள்.

ஓரப்பந்து:
1981 இறுதியாட்டம் நினைவிருக்கிறதா கெஜம் அண்ணே? டொரன்டோவில் சிகாகோ ஸ்டிங்கும் காஸ்மோஸும் 0-0. கோடு இருந்தது, கோல் இல்லை. கடைசியில் ஷூட்அவுட்டில் கோப்பை.

முப்பத்தைந்து_கெஜம்:
ஒரு ஆட்டத்தை வைத்து விதியை அளக்கிறவரிடம் பேச எனக்கு நேரமில்லை. இன்றைய அமெரிக்க லீக்கான எம்.எல்.எஸ். 1996-ல் தொடங்கியபோது அதே ஷூட்அவுட்டைத்தான் எடுத்துக்கொண்டது. 1999 வரை வைத்திருந்தது.

ஓரப்பந்து:
அப்புறம் தூக்கிப் போட்டது. அதையும் சொல்லுங்கள்.

பதினெட்டாம்படி:
ஷூட்அவுட்டுக்குத் தனித் திரி திறந்துகொள்ளுங்கள். என் வரலாறு இப்படிப் போகும். 1978-ல் புதிதாக வருபவர் வரிசையில் நிற்பார். பேஸ்பால் மண் திட்டு தெரியாத மைதானத்தில் ஐந்தாண்டு குத்தகை காட்டினால்தான் பெயர் பதிவு. ஓர் அணி விழுந்தால்தான் இன்னொன்று உள்ளே. 1979-ல் சம்பள உச்சவரம்பு. நிஜத்தில் அது ஹோவர்ட் சாமுவேல்ஸ் லீக்கின் தலைமைக்கு வந்த பிறகுதான் பேச்சுக்கே வந்தது, அவரும் 1984 அக்டோபரில் இறந்துவிட்டார். களத்தில் உள்நாட்டவர் எண்ணிக்கையை வருஷத்துக்கு ஒருவராகக் கூட்டி 1983-ல் ஆறு. நிஜத்தில் என்ன செய்தார்கள்? 1983-ல் தேசிய அணியையே 'டீம் அமெரிக்கா' என்று லீக்கில் இறக்கி 30-ல் 20 தோற்றார்கள். அதே வருஷம் கோப்பையைத் தூக்கியது டல்சா, கையில் காசில்லாத அணி. சிக்கனம் வேலை செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

செயற்கைப்புல்:
வரிசையில் நிற்பார்களாம்! ஃபிலடெல்ஃபியா முதலாளிகளில் பீட்டர் ஃபிராம்டன், பால் சைமன், ரிக் வேக்மேன் எல்லாம் இருந்தார்கள். பாட்டுக்காரர்கள் உங்கள் டோக்கனை வாங்கிக்கொண்டு ஐந்தாண்டு காத்திருப்பார்களா? அதே 1978-ல்தான் எம்.ஐ.எஸ்.எல். உள்ளரங்க லீக் ஆறு அணியோடு ஆரம்பம். நீங்கள் விரட்டிய ஆறு பேரும் அங்கே போயிருப்பார்கள், அது இரட்டை பலத்தோடு வந்திருக்கும். 1967-ல் இரண்டு லீக் மோதி, 1968-ல் இணைந்து 17 அணியாகி, 1969-ல் ஐந்தாகச் சுருங்கியதை மறந்துவிட்டீர்களா?

இன்னொன்று. ஏ.பி.சி. டிவி 1979-ல் வந்தது ஹூஸ்டன், டெட்ராய்ட், பாஸ்டன் (நியூ இங்கிலாந்து அணியின் ஊர்), ஃபிலடெல்ஃபியா எல்லாம் வரைபடத்தில் இருந்ததால். 18 அணிக்கு அந்த ஒப்பந்தம் கிடைத்திருக்காது.

பதினெட்டாம்படி:
அந்த ஏ.பி.சி. 1980-க்குப் பிறகு எங்கே? பார்க்க ஆளில்லை என்று எடுத்துவிட்டார்கள். 24 கொண்டுவந்த டிவி, 24-ஐப் பார்த்து ஓடிய டிவி.

ஈடன்_கேலரி:
இவ்வளவு பேசுகிறீர்களே, 1977 செப்டம்பர் 24-ல் இதே காஸ்மோஸை ஈடன் கார்டனில் மோகன் பகான் 2-2 என்று நிறுத்தியதை ஒருவராவது சொன்னீர்களா? ஷியாம் தாபா, ஹபீப் கோல் அடித்தார்கள். காஸ்மோஸ் ஆட்டக்காரர் சினாலியாவுக்குக் கொடுத்த அந்தப் பெனால்டி இல்லையென்றால் கதையே வேறு. என் மாற்று வரலாறு அதுதான்.

ஓரப்பந்து:
அது பெனால்டிதான்.

ஈடன்_கேலரி:
எந்த ஊரில்?

சும்மா_கேட்டேன்:
"பிழைத்தல்" என்றால் என்ன என்று யாராவது...

செயற்கைப்புல்:
ஈடன் ஜி, அது நட்பாட்டம். விடுங்கள். படியாரே, உங்கள் முதல் பதிவை நீங்களே ஒரு தடவை படியுங்கள். கூட்டத்தின் உச்சம் 1980 என்று எழுதியிருக்கிறீர்கள். 1980-ல் எத்தனை அணி?

பதினெட்டாம்படி:
கேள்வி சாமர்த்தியம். 24 தான். கூட்டம் வேறு, கணக்குப் புத்தகம் வேறு. டிக்கெட் விற்றது, சம்பளம் அதைவிட வேகமாக ஏறியது. கிக்ஸே சாட்சி: மலிவு டிக்கெட்டும் வாகன நிறுத்தக் கொண்டாட்டமுமாகக் கூட்டம் சேர்ந்தது, காசு சேரவில்லை.

செயற்கைப்புல்:
அப்படியானால் கொன்றது சம்பளம். 24 இல்லை.

பதினெட்டாம்படி:
சம்பளத்தை ஏற்றியது 24.

செயற்கைப்புல்:
ஏற்றியது காஸ்மோஸ். அதன் முதலாளி வார்னர் கம்யூனிகேஷன்ஸ் பெலே, பெக்கன்பவர், கார்லோஸ் ஆல்பர்ட்டோ என்று வாங்கினால் மற்றவர்கள் துரத்தத்தானே செய்வார்கள்? 18 இருந்தாலும் காஸ்மோஸ் அந்த 18-க்குள்தான். 1983-ல் தன் வீடியோகேம் கம்பெனி அடாரியின் நஷ்டத்தில் வார்னர் ஆட்டம் கண்டது, 1984-ல் அணி சினாலியா கைக்கு வந்தது, காஸ்மோஸ் கூட்டம் 13 ஆயிரத்துக்குக் கீழ். உங்கள் 18-லும் அதே தேதியில் அதே நடக்கும்.

ஈடன்_கேலரி:
சினாலியா என்றதும் அந்தப் பெனால்டிதான் ஞாபகம் வருகிறது.

பதினெட்டாம்படி:
காஸ்மோஸை 1979-லேயே உச்சவரம்பு கட்டிப்போட்டிருக்கும் என்று மேலே எழுதினேன். படிக்காமல் பதில் எழுதும் வழக்கம் உங்களுக்குப் புதிதல்ல. உலகக் கோப்பைத் திரியிலும் இப்படித்தான். அமெரிக்காவும் கேட்ட 1986 போட்டியை 1983-ல் மெக்சிகோவுக்குக் கொடுத்ததற்கும் லீக்குக்கும் சம்பந்தமே இல்லை என்றீர்கள்.

செயற்கைப்புல்:
அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். அங்கேயும் நான் சொன்னதுதான் சரி. 24 முதலாளிகள் கையெழுத்துப் போடாத உச்சவரம்பில் 18 பேர் மட்டும் போடுவார்களா? 1985 மார்ச்சில் ஆடத் தயாராக நின்றவர்கள் இரண்டே பேர், டொரன்டோவும் மினசோட்டா ஸ்டிரைக்கர்ஸும் (பழைய கிக்ஸ் இல்லை, பிறகு அந்த ஊருக்கு வந்த அணி). வூஸ்னம் கதவைச் சாத்தியிருந்தாலும் அந்த இரண்டு, இரண்டுதான்.

முப்பத்தைந்து_கெஜம்:
ஆஃப்சைடு கோட்டைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பதினெட்டாம்படி:
18-ஆக இருந்திருந்தால் 1985-ல் இரண்டு ஆகியிருக்காது. ஆறையும் கழித்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.