பொருள்: கொன்சொனன்ஸை எதுகை என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆங்கிலக் கவிதையில் பக்கத்துச் சொற்களில் ஒரே உயிரொலி திரும்புவது அசொனன்ஸ், ஒரே மெய்யொலி திரும்புவது கொன்சொனன்ஸ். இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சில், அசொனன்ஸுக்கு 'உயிரெதுகை', கொன்சொனன்ஸுக்கு 'மெய்யெதுகை' என்று தம்பி நேற்று எழுதியதை வாசித்தேன். கேட்க நல்ல சொற்கள். ஆனால் உயிரெதுகை என்ற பெயருக்கு ஏற்கெனவே ஆள் உண்டு. இரண்டாம் எழுத்தில் ஏறிய உயிர் மட்டும் ஒத்துவந்தால் யாப்பிலக்கணம் அதைத்தான் உயிரெதுகை என்கிறது: வாழை, பானை. ழ் வேறு, ன் வேறு, ஐ ஒன்று.

அசொனன்ஸ் இப்படி எழுத்தை எண்ணி இடம் பார்ப்பதில்லை. அடுத்தடுத்த சொற்களில் ஒரே உயிரொலி காதில் விழுந்தால் போதும். கண்டல், நதி, வலை என்று சொல்லிப் பாருங்கள். அகரம் ஓடுகிறது. இதில் மோனையும் இல்லை, எதுகையும் இல்லை. இதற்குப் போய் எதுகை என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் பாவம்.

கொன்சொனன்ஸ் கதை வேறு. போன கிழமை வகுப்பில் எதுகைக்குச் சொல் கேட்டேன். போடியார் (வயற்காரர்) வீட்டுப் பிள்ளை ஒன்று எழும்பி "வட்டை" என்றது, எங்கள் பக்கத்தில் வயல்வெளியை அப்படித்தான் சொல்வோம். பின்வாங்கிலிருந்து "முட்டை", "கொட்டை" என்று வந்தது. மூன்றையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். முதலெழுத்து மூன்றும் குறில், இரண்டாம் எழுத்து ட். பழுதில்லாத எதுகை. அப்புறம் ஒருத்தி கேட்டாள்: "சேர், இது இங்கிலீஷில் றைம் தானே?"

இல்லை. றைமுக்கு அழுத்தம் விழும் உயிரும் ஒக்கவேண்டும். வ, மு, கொ என்று மூன்றிலும் உயிர் வேறு. ஆங்கிலக் காதுக்கு இது கொன்சொனன்ஸ், அதாவது உயிர் மாற மெய் திரும்புவது. எதுகையை றைம் என்று படித்துப் படித்து எங்களுக்கே இது மறந்துவிட்டது. வட்டை, கட்டை என்றால் றைமும் சரி, எதுகையும் சரி. ஆனால் எல்லா எதுகையும் றைம் ஆகாது. கொன்சொனன்ஸோ சொல்லின் நடுவிலும் வரும், கடைசியிலும் வரும். எதுகை பொதுவாக இரண்டாம் எழுத்தை விட்டு நகராது.

மோனையும் அப்படித்தான். சங்கு, தங்கம்: சவ்வும் தவ்வும் இன எழுத்து என்பதால் நமக்கு மோனை. அலிற்றரேஷனில், அதாவது சொற்களின் முதல் மெய்யொலி ஒன்றாக வரும் ஆங்கில முறையில், இதற்கு இடமில்லை. கடல், கிளி என்பது அலிற்றரேஷன். நம்மிடம் அதற்கு 'வருக்க மோனை' என்று தனிப்பெயர் வேண்டியிருந்தது. இயைபுதான் அடியின் கடைசியில் வருகிற றைமுக்குக் கொஞ்சம் கிட்ட நிற்கிறது. அதையும் இரண்டும் ஒன்றென்று எழுதிவிட வேண்டாம்.

ஆகவே மோனை, எதுகை, இயைபு என்ற தொடைப் பெயர்களைத் தொடாமல் விடுவோம். நான் சொல்வது: அசொனன்ஸுக்கு உயிரிசைவு, கொன்சொனன்ஸுக்கு மெய்யிசைவு. இசைவு என்றால் சம்மதம் அல்லவா என்று கேட்பீர்கள். ஒத்துப்போவதுதான் சம்மதம், ஒலி ஒத்துப்போவதும் அதுதான். உள்ளே 'இசை' என்ற சொல்லும் இருக்கிறது. 'மெய்யொப்பு' என்றும் யோசித்தேன். கையொப்பம் ஞாபகம் வருகிறது, விட்டுவிட்டேன்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் 'மதங்கசூளாமணி'யில் ஷேக்ஸ்பியரைத் தமிழ் நாடக மரபோடு சேர்த்து ஆராய்ந்தவர். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கும் அவர்தான் தலைமை. அவர் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, உள்ள சொல்லின் பொருளைக் குழப்பும் ஒரு சொல்லை நாங்கள் உலவ விடக் கூடாது என்று மனதார நினைக்கிறேன்.

ஒரு சிக்கல் மிச்சம். சொல்லின் கடைசி மெய் மட்டும் ஒத்துவருவதையும் மெய்யிசைவு என்றே சொல்லலாமா, 'ஈற்று மெய்யிசைவு' என்று பிரிக்க வேண்டுமா? நாவல், காகம், தூண்டில் என்று எழுதிவைத்துப் பார்க்கிறேன். முதலாவதும் மூன்றாவதும் ல் என்று முடிகின்றன, இடையில் காகம் வந்தும் காது அதைப் பிடிக்கிறது. உங்களுக்கும் அப்படிக் கேட்கிறதா என்று எழுதுங்கள்.