வல்லமையை நம்ப முடிகிறது. ஞானத்தை நம்புவதுதான் கடினமாக இருக்கிறது

ஞாயிறு பள்ளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம். சிறுவயது முதல் சபையில் வளர்ந்தவள் நான். தேவன் சர்வவல்லவர் என்பதில் எனக்கு ஒருநாளும் ஐயம் எழுந்ததில்லை. வானத்தையும் பூமியையும் தம் வார்த்தையினால் உண்டாக்கியவருக்குப் பழுதடைந்த ஒரு சிறுநீரகத்தைச் சரிசெய்வது பெரிய காரியமல்ல என்று முழுமனதோடு நம்பித்தான், நோயுற்றிருந்த என் தம்பிக்காகக் குடும்பமாக உபவாசித்து ஜெபித்தோம். அவன் இறந்துபோனான்.

அவருடைய வல்லமையை இன்றும் நான் சந்தேகிக்கவில்லை. சொல்லப்போனால், அந்த நம்பிக்கைதான் இப்போது எனக்குப் பாரமாக இருக்கிறது. இயலாத ஒருவர் உதவவில்லையென்றால் மனம் ஆறிவிடும். இயன்றவர் உதவாமல் இருந்ததை எப்படி எடுத்துக்கொள்வது? துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும், தேவன் ஞானமுள்ளவர், அவருடைய சித்தம் நமக்கு விளங்காது என்றார்கள். அதற்குமேல் நான் எதுவும் பேச முடியாதபடி அந்தச் சொல் வாயை அடைத்துவிட்டது. டயாலிசிஸ் செய்ததே விசுவாசக் குறைவு என்று சொன்னவர்களும் உண்டு.

அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு நான் நடத்த வேண்டிய பாடம், பாபிலோன் ராஜாவின் சிலையை வணங்க மறுத்ததற்காகத் தீயில் போடப்பட்ட சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ஆகியோர் அக்கினிச் சூளையிலிருந்து மீட்கப்பட்டது. "உங்கள் தம்பியை மட்டும் ஏன் காப்பாற்றவில்லை?" என்று ஒரு சிறுமி ஏற்கெனவே கேட்டுவிட்டாள். தேவனுடைய ஞானத்தை நம்புவது என்றால் நடைமுறையில் என்ன செய்வது? கேள்வியை நிறுத்திக்கொள்வதா?

மறுமொழி – பழைய ஏற்பாட்டு வாசகன்

சகோதரி, உங்கள் தம்பியின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம். நீங்கள் கேட்ட அதே கேள்வியை வேதத்தில் மிக நீளமாகக் கேட்டவர், பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் இழந்து தவித்த யோபு. தேவனுக்கு வல்லமை இல்லை என்று அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அந்த வல்லமை தம்மேல் நியாயமாகச் செலுத்தப்படுகிறதா என்பதே அவருடைய வழக்கு.

யோபுவின் புத்தகத்தில் கர்த்தர் அவருக்கு மறுமொழி சொல்லத் தொடங்கும் 38ஆம் அதிகாரத்தைப் பலரும் ஓர் அதட்டலாகவே வாசிக்கிறார்கள். "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்ற கேள்வியில் கண்டிப்பு இருப்பது உண்மைதான். ஆனால் தம்முடைய வல்லமைக்குச் சான்றாக அவர் எவற்றைக் காட்டுகிறார் என்று நிதானமாகப் பாருங்கள். மனிதர் எவருமே குடியிராத வனாந்தரத்தில் பெய்யும் மழை. இரையின்றிக் கூப்பிடும் காக்கைக் குஞ்சுகள். மேய்ப்பன் இல்லாத மலையுச்சியில் வரையாடு ஈனும் காலம். புத்தி கொடுக்கப்படாததாக அங்கே சொல்லப்படும் தீக்குருவிகூட (நெருப்புக்கோழி) எழும்பி ஓடும்போது குதிரையையும் அதன்மேல் ஏறியிருப்பவனையும் அலட்சியம் பண்ணுவது. பேரரசுகளைக் கவிழ்த்த கதை ஒன்றுகூட அந்தப் பேச்சில் இல்லை. மனிதக் கண் படாத இடங்களில், மனிதனுக்கு எந்தப் பயனும் இல்லாத உயிர்களைக்கூட நாள் தவறாமல் கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவரைத்தான் அந்த அதிகாரங்கள் காட்டுகின்றன. வல்லமையும் ஞானமும் அங்கே பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. முதல் இரண்டு அதிகாரங்களில், யோபுவைச் சோதிப்பது பற்றிக் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் இடையே பரலோகத்தில் நடந்த உரையாடல் வாசகரான நமக்குத் தெரியும். யோபுவுக்கோ கடைசிவரை சொல்லப்படவில்லை. காரணம் இருந்தது, அது அவரிடம் சேரவில்லை. அப்படியிருந்தும் அவர் அமைதியடைந்தது, காரணத்தைக் கேட்டதால் அல்ல, அதுவரை காதால் மட்டுமே கேள்விப்பட்டிருந்தவரை நேரில் கண்டதால் என்று 42ஆம் அதிகாரம் சொல்லுகிறது. வாயை அடைக்கும் பதில்களைப் பொறுத்தவரை, அதே அதிகாரத்தின் 7ஆம் வசனத்தில் கர்த்தருடைய கோபம் யார்மேல் மூண்டது என்று பாருங்கள்: கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல, எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த நண்பர்கள்மேல்.

மறுமொழி – செவிலியர் ஒருவர்

டயாலிசிஸ் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்லுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை நோயாளிகளின் படுக்கையருகே நான் அடிக்கடி கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. யூதாவின் ராஜாவான எசேக்கியா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கண்ணீரோடு ஜெபித்தபோது அவருடைய ஆயுளோடு 15 வருஷம் கூட்டப்படும் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தார். அதே ஏசாயா 38ஆம் அதிகாரத்தில், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடும்படி தீர்க்கதரிசியே சொல்லுகிறார். வாக்குத்தத்தம் கிடைத்த பிறகும் மருந்து போடப்பட்டது. உங்கள் குடும்பம் செய்ததில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை, அம்மா.

மறுமொழி – யாத்திரிகன்

யோபுவைப் பற்றி மேலே எழுதிய சகோதரரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் யோபுவின் முடிவில் இழந்தவை இரண்டத்தனையாகத் திரும்பி வருவதால், நம் துக்கங்களும் அப்படியே நிரப்பப்படும் என்ற எண்ணம் வாசகருக்கு எளிதில் வந்துவிடுகிறது. அதற்கு எதிர் எடையாக அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அங்கே ஏரோது, யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொன்றான் என்று ஒரே வசனத்தில் செய்தி முடிந்துவிடுகிறது. அதன்பின் பேதுரு சிறையில் அடைக்கப்படுகிறார். இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகர் நடுவே தூங்கிக்கொண்டிருந்தவரைத் தேவதூதன் விலாவில் தட்டி எழுப்பி வெளியே கொண்டுவருகிறான். ஒரே சபை, ஒரே ராஜா, இருவருமே, இயேசுவின் ரூபம் ஒளியாய் மாறியதைக் காண அவரோடு மறுரூப மலைக்கு ஏறிய சீஷர்கள். யாக்கோபின் தாய் அந்த இரவில் உயிரோடு இருந்திருந்தால், பேதுரு விடுதலையான செய்தியை எப்படிக் கேட்டிருப்பாள் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. இந்த வேறுபாட்டுக்கு, அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு காரணமும் தரவில்லை. பேதுருவின் விசுவாசம் பெரிது, யாக்கோபின் விசுவாசம் சிறிது என்று சொல்லவும் அவர் இடம் வைக்கவில்லை. பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே, அவர் வாசலில் நிற்கிறார் என்று ரோதை என்ற பெண் ஓடிவந்து சொன்னபோது, நீ பிதற்றுகிறாய் என்றார்கள்! அவர்களுடைய நம்பிக்கையின் அளவைப் பார்த்து விடுதலை கொடுக்கப்படவில்லை என்பது தெளிவு.

பிள்ளைகளுக்கான பாடத்தைப் பொறுத்தவரை, தானியேல் 3ஆம் அதிகாரத்தின் நடுவிலேயே உங்களுக்குத் தேவையானது இருக்கிறது. எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று அந்த மூவரும் நேபுகாத்நேச்சாரிடம் சொல்லுகிறார்கள்; விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணிய மாட்டோம் என்று உடனே சேர்த்துச் சொல்லுகிறார்கள். சூளை திறக்கப்படும் முன்பே, முடிவு என்னவென்று தெரியாத நிலையில் சொன்ன வார்த்தைகள் அவை. நான் பாடம் நடத்தினால் அந்த இரண்டு வசனங்களில் அதிக நேரம் நிற்பேன். அந்தச் சிறுமியிடம், "எனக்குத் தெரியாது, ஆனாலும் நான் அவரை நம்புகிறேன்" என்று நேரடியாகச் சொல்லிவிடலாம். பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். நாம் புனைந்து சொல்லும் காரணங்களைத்தான் வளர்ந்தபின் மன்னிக்க மாட்டார்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நன்றி. செவிலியர் எழுதியதை என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் ஒன்று இன்னும் மீதமிருக்கிறது. காரணம் சொல்லப்படாமலே ஒருவருடைய ஞானத்தை நம்ப வேண்டுமானால், அந்த நம்பிக்கைக்கு ஏதாவது ஓர் ஆதாரம் வேண்டுமே? யோபுவுக்குக் கிடைத்த காட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

மறுமொழி – பழைய ஏற்பாட்டு வாசகன்

நியாயமான கேள்வி. யோபுவுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்கும் எனக்கும் கிடைத்திருக்கிறது என்பதே என் பதில். சிலுவையின் அடியில் நின்றவர்கள் இயேசுவைப் பார்த்து, மற்றவர்களை இரட்சித்தான், தன்னை இரட்சித்துக்கொள்ள அவனால் முடியவில்லை என்று பரியாசம் பண்ணினார்கள். முடியாமல் இல்லை, பன்னிரண்டு லேகியோனுக்கு (ரோமப் படைப்பிரிவுக்கு) அதிகமான தூதரைப் பிதாவிடம் வேண்டிக்கொள்ள முடியும் என்று முந்தின இரவில்தான் அவர் பேதுருவிடம் சொல்லியிருந்தார். வல்லவர் தலையிடாமல் இருந்த அந்த வெள்ளிக்கிழமையை அருகில் நின்று பார்த்த எவரும் ஞானம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல், சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவையே தேவபெலன் என்றும் தேவஞானம் என்றும் ஒரே மூச்சில் சொல்லுகிறார். உங்கள் தம்பியின் மரணத்துக்கு அது விளக்கமாகிவிடாது. அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் சிலுவைக்கு முந்தின இரவில், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்து, மறுக்கப்பட்ட ஜெபத்தின் வேதனையைத் தாமே அறிந்தவர்தான் உங்கள் காரியத்தையும் கையில் வைத்திருக்கிறார் என்பது, முகம் தெரியாத ஒரு சர்வவல்லவரை நம்புவதைவிட முற்றிலும் வேறானது.

கேள்வியை நிறுத்துவதா என்றும் முதலில் கேட்டிருந்தீர்கள். அதற்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை. நிறுத்த வேண்டாம். எதுவரைக்கும் கூப்பிடுவேன் என்று தேவனிடம் கேட்டுத் தொடங்கிய ஆபகூக் தீர்க்கதரிசிக்கு, கல்தேயரை (பாபிலோனியரை) எழுப்புகிறேன் என்று கேள்வியைவிடக் கடினமான பதில் வந்தது. அவர் அதையும் எதிர்த்துக் கேட்டுவிட்டு, என்ன சொல்லுவார் என்று பார்க்கக் காவற்கோபுரத்தில் போய் நின்றார். மூன்றே அதிகாரங்கள், ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று வரும் கடைசிப் பகுதியைச் சபைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இம்முறை முதல் அதிகாரத்தை அவசரமாகக் கடந்துபோகாமல் வாசியுங்கள்.