காக்-அப் ஸ்பிளின்ட் பயிற்சி: யோசனை சொல்லுங்களேன்

கை தெரபி செய்பவர்களிடம் ஓர் உதவி. புதிதாகச் சேர்ந்த எட்டு தெரபிஸ்டுகளுக்கு மணிக்கட்டு காக்-அப் ஸ்பிளின்ட் (மணிக்கட்டை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் கவசம்) செய்யக் கற்றுத்தருகிறோம். 3.2 மி.மீ. தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) ஷீட், 65–70 டிகிரி வெந்நீர், சுமார் ஒரு நிமிடம். மணிக்கட்டு 20–30 டிகிரி பின்பக்கம் வளைந்திருக்கணும். கார்ப்பல் டனலுக்கு (மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கோளாறு) மட்டும் நேராக.

முக்கால்வாசிப் பேரும் விரல் பக்கத்து முன் விளிம்பில்தான் சறுக்குகிறார்கள். சுண்டுவிரல் பக்கம் இதய ரேகையையும் ஆள்காட்டி விரல் பக்கம் புத்தி ரேகையையும் (ஜோசியக்காரர் சொல்லும் அதே ரேகைகள்தான்!) ஷீட் தாண்டினால் விரல்கள் முழுசாக மடங்காது. பேப்பரில் அளவு சரியாகத்தான் இருக்கிறது. வெந்நீரிலிருந்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்குவதால் ஷீட் நீண்டுவிடுகிறது. இரு கையாலும் ஏந்தி எடுங்கள் என்றால் அவசரத்தில் மறக்கிறார்கள்.

மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் புடைத்திருக்கும் அல்னா எலும்பு முனையில் தோல் சிவப்பது இன்னொன்று. வார்த்த பிறகு உள்ளே பஞ்சு ஒட்டினால் அழுத்தம் கூடத்தான் செய்யும்; எலும்பின் மேல் முதலில் பஞ்சு வைத்துவிட்டு வார்க்கணும்.

கேள்வி இரண்டு. ஷீட் விலைக்கு ஆளுக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும். அதற்கு முன் எதில் பழக்குகிறீர்கள்? சாதாரண பாத்திரத்தில் சூடு ஏறி இறங்கி, ஷீட் அடியில் ஒட்டுகிறது. சூட்டை நிலையாக வைக்க மலிவான ஏற்பாடு யாரிடமாவது உண்டா?