பாவிச்ச சின்ன எஸ்.யு.வி: வெசலா, றைஸா, சி.எச்.ஆரா?

வெள்ளவத்தை ஒழுங்கை:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வாகனம் விளங்கினவை இருந்தால் ஒருக்கா வழி சொல்லுங்கோ.

எனக்குக் கோட்டையில ஒரு ஒஃபீஸில கணக்கு வேலை. இப்ப வீட்டில நிக்கிறது 2011 அல்ட்டோ. எனக்கும் மனிசிக்கும் அது போதும். ஆனால் அப்பாவுக்குப் போன வருஷம் ரெண்டு முழங்காலும் ஒப்பரேஷன் செய்தது. அல்ட்டோவில ஏறேக்க கதவுச் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு, கண்ணை இறுக மூடித்தான் இருப்பார். கேட்டால் "நோகேல்லையடா" எண்டுவார். அதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாமல்தான் சீற் உயரமான வாகனம் ஒண்டு எடுக்க முடிவெடுத்தனாங்கள்.

ஓட்டம் எண்டு பாத்தால் கிழமை நாள் முழுக்க காலி வீதி நெரிசல். வருஷத்துக்கு மூண்டு நாலு தரம் புத்தளம் பாதையால யாழ்ப்பாணம். நல்லூர்த் தேருக்குக் கட்டாயம் போகோணும், போய்வர 800 கிலோமீற்றர் வரும். ஐஞ்சு பேர், பொதியள் வேற. எங்கட ஒழுங்கையில மழைக்குத் தண்ணி நிக்கும். அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கு இறங்கிற சரிவும் செங்குத்து.

2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து விலை எங்கயோ போட்டுது. 2025 பெப்ரவரியில திறந்தும் வரியோட சேர்த்துப் பாத்தால் புதுசு எங்களுக்கு எட்டாது. சேமிப்பு, மனிசியின்ட நகைக்காசு, லீசிங் எல்லாம் சேர்த்து ஒரு கோடி பத்து லட்சம்தான் எல்லை. அதுக்கு மேல ஒரு சதமும் ஏலாது.

மூண்டு வாகனம் பாத்து வச்சிருக்கிறன். 2014 ஹொண்டா வெசல் ஹைபிறிட் (பெற்றோலோட பற்றரியிலயும் ஓடுறது), 2017 டொயோட்டா சி.எச்.ஆர் ஹைபிறிட், 2019 டொயோட்டா றைஸ். வெசல் ஒரு கார் சேலில நிக்குது, மற்ற இடங்களைவிட ஏழு லட்சம் குறைவு. உள்ளுக்குக் காபெட், சீற் கவர் எல்லாம் புதுசாப் போட்டிருக்கு, ஏறினால் நல்ல வாசம். லேடி டொக்டர் ஒராள் ஓடினதாம். மனிசிக்கு அதுதான் பிடிச்சிருக்கு. அட்வான்ஸ் குடுக்கட்டோ?

தெஹிவளைச் சந்தி:

நாலு வருஷமா றைஸ் ஓடுறன் தம்பி, என்ட அனுபவத்தைச் சொல்லுறன். நீளம் 3995 மில்லிமீற்றர்தான், வெள்ளவத்தை ஒழுங்கைக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. 1000 சி.சி. தான் எண்டாலும் ரேர்போ இருக்கு, 98 குதிரைவலு, ஐஞ்சு பேரோட ஏ9-ல ஓவர்டேக் பண்ணப் பயமில்லை. எனக்குக் கொழும்புக்குள்ள லீற்றருக்குப் 11 கிலோமீற்றர் கிட்ட ஓடுது. மூண்டு சிலிண்டர் எண்டபடியால் சிக்னலில நிக்கேக்க சின்ன அதிர்வு வரும், அது பழுதில்லை.

தண்ணி நிக்கிற ஒழுங்கை, செங்குத்துச் சரிவு எண்டு எழுதியிருக்கிறியள். றைஸ் நிலத்தில இருந்து 185 மில்லிமீற்றர் உயரம். சி.எச்.ஆர் ஹைபிறிட் 140 தான், பாக்கத்தான் ஜீப் மாதிரி. உங்கட சரிவில அடி உரசுதோ எண்டு ஒருக்கா இறக்கிப் பாக்காமல் அதை எடுக்காதேங்கோ.

கொட்டாஞ்சேனை டீச்சர்:

தம்பி, அட்வான்ஸ் கொடுக்காதீங்க. தயவுசெய்து கொடுக்காதீங்க. எந்த மாடல் நல்லது என்பதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. காபெட் புதுசு, நல்ல வாசம், ஏழு லட்சம் குறைவு என்று எழுதியிருக்கிறீங்களே, அதை வாசிச்சதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. 2018-ல் நான் வாங்கின ஹைபிறிட்டும் அச்சொட்டாக அப்படித்தான் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பதினாலு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. மற்ற இடங்களைவிட ஐந்து லட்சம் குறைவு என்றதும் அவசரப்பட்டோம். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போனோம், அவர் எஞ்சினை மட்டும் ஓடவிட்டுப் பார்த்து நல்லது என்றார். முதல் நாலு மாசம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மழை நாள், கொச்சிக்கடைத் தேவாலயத்துக்கு முன்னால் நிற்கும்போது இடதுபக்கக் கண்ணாடி தானாகவே இறங்கியது. அடுத்த கிழமை எயார்பேக் லைட் எரிந்தது. ஆமர் வீதியில் ஒரு மெக்கானிக் பாஸ் கணினியைக் கொளுவி அந்த லைட்டை அணைத்துவிட்டார், ஒன்பது நாளில் திரும்ப வந்தது.

டிசம்பர் விடுமுறைக்கு அம்மாவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வெளிக்கிட்டோம். புத்தளம் தாண்டி, கலா ஓயாவுக்குக் கிட்ட, பின்னேரம் ஆறரை மணி. டாஷ்போர்டில் இருக்கிற அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்து வாகனம் நின்றுவிட்டது. ஸ்டியரிங் இறுகிவிட்டது, ஹசார்ட் கூட வேலை செய்யவில்லை. யானை வரும் பாதை அது. அம்மா கந்த சஷ்டி கவசத்தை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தா. வெங்காய லொறிக்காரர் ஒருவர், பெயர் கூடச் சொல்லவில்லை, கயிறு கட்டி எங்களை நொச்சியாகமை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். அவர் நல்லாயிருக்க வேண்டும்.

கொழும்புக்கு ஏற்றி வந்த பிறகு வேறொரு பாஸிடம் கொடுத்தோம். வயதானவர், அதிகம் கதைக்கமாட்டார். பொனட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் பக்க சீற் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார். நாம் வழமையாகக் கொளுவுவதற்கு இழுக்கிற அளவைத் தாண்டி, இனி வராது என்கிற வரைக்கும் இழுத்தார். கடைசி ஒரு முழம் வேறு நிறம். தேயிலைச் சாயம் பிடித்த மாதிரி, நேர்கோடாக ஒரு எல்லை. அதற்கு மேலே சாம்பல், கீழே மண்ணிறம். நகத்தால் சுரண்டினார், மாவு மாதிரி வண்டல் உதிர்ந்தது. என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். ஆற்று வாசம். இரண்டு வருஷத்துக்குப் பிறகும் ஆற்று வாசம்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எல்லாம் மூழ்கியது ஞாபகம் இருக்கும். சி.ஆர் என்கிற வாகனப் பதிவுப் புத்தகத்தில் முதல் உரிமையாளரின் முகவரியும் அந்தப் பக்கம்தான். அவரை நான் குறை சொல்லமாட்டேன், வீடே தண்ணீருக்குள் போன மனிதர். இடையில் வாங்கிக் கழுவிப் புதுக் காபெட் போட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றவர்கள்தான் செய்தது பிழை. எனக்கும் அதை மறைத்து விற்க மனம் வரவில்லை. உள்ளதைச் சொல்லி, பஞ்சிகாவத்தையில் பாகம் கழற்றி விற்கிறவருக்கு அரை விலைக்கும் குறைவாகக் கொடுத்தோம்.

தண்ணீருக்குள் நின்ற பெற்றோல் வாகனத்தைக் கஷ்டப்பட்டாவது திருத்தலாம். ஹைபிறிட் அப்படி இல்லை. பெரிய பற்றரி கீழேதான் இருக்கிறது. வெசலில் டிக்கித் தளத்துக்குக் கீழே, சி.எச்.ஆரில் பின் சீற்றுக்குக் கீழே. தண்ணீர் முதலில் தொடுவதே அதைத்தான். வயர் சந்திப்புகளுக்குள் போன ஈரம் உள்ளே இருந்து அரித்துக்கொண்டே வரும், அதனால்தான் முதல் சில மாசம் ஒன்றும் தெரியாது.

நாளைக்கே போங்க. ஒரு டோர்ச் கொண்டு போங்க. பெல்ட்டை முழுக்க இழுங்க. பெல்ட் புத்தம் புதிதாக இருந்தால் சந்தோசப்படாதீங்க, அடியில் தைத்திருக்கும் லேபிள் சீட்டில் தயாரித்த வருஷம் இருக்கிறதா என்று பாருங்க. பிறகு குனிந்து சீற்றுக்கு அடியில் பாருங்க. சீற் நகரும் தண்டவாளத்தில் துரு, போல்ட் தலைகளில் ஸ்பானர் போட்ட காயம், மஞ்சள் நிற எயார்பேக் இணைப்பில் பச்சைப் பொடி. டிக்கி மட்டையைத் தூக்கி மூலைகளைத் தடவுங்க. ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா பாருங்க. கதவு எல்லாம் மூடி ஏசியைப் போடாமல் பத்து நிமிஷம் உள்ளே இருங்க, வாசனைத் திரவியத்துக்குக் கீழே இருக்கிற வாசம் அப்போதுதான் வரும். விற்கிறவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு இதை நான் யாரைக் கண்டாலும் சொல்கிறேன்.

கடதாசி விசயமும் ஒன்று. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பணம் கட்டி வாகன விபரம் எடுத்துப் பாருங்க. லீசிங் கொம்பனி இன்னும் உரித்தாளராக இருந்தால், அவர்களுடைய விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை மிச்சக் காசைக் கொடுக்காதீங்க.

ஹட்டன் சாரதி:

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் பத்தொன்பது வருசமா கொழும்பு–ஹட்டன் வேன் ஓட்டுறேன், கியர் பக்கம் மட்டும் சொல்றேன்.

அண்ணே, 2013 டிசம்பர்ல ஜப்பான்ல வந்த முதல் வெசல் ஹைபிறிட்ல இருக்கிறது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச், அதுவும் எண்ணெய்க்குள்ள ஓடாத காஞ்ச கிளட்ச். ஓட்டத்துல அருமையா இருக்கும். ஊர்ந்து ஊர்ந்து போற நெரிசல்லயும் ஏத்தத்துலயும்தான் அது சூடாகும். ஆரம்பத்துல வந்ததுக்கு 2014-லயே ஹொண்டா ஜப்பான்ல மென்பொருள் மாத்தத் திரும்ப அழைச்சாங்க. அதனால 2014 வெசல் பார்த்தீங்கன்னா அந்த வேலை செஞ்சிருக்கான்னு சேசிஸ் நம்பரை வச்சு விசாரிங்க. வெசலே வேணும்னா ஹைபிறிட் இல்லாத பெற்றோல் வெசலும் இருக்கு, அதுல சி.வி.டி., அதாவது படியில்லாம மாறுற ஒட்டோ கியர். 2021-ல வந்த அடுத்த வெசல்ல இந்தக் கிளட்ச் இல்லவே இல்ல, ஆனா அது உங்க காசுக்கு வராது.

காலையில குளிர்ந்த வண்டிய காலி வீதியில ஓட்டிப் பார்த்து ஒன்னும் தெரியாது. பின்னேரம் அஞ்சரைக்குப் பம்பலப்பிட்டியில இருந்து தெஹிவளை வரைக்கும் ஓட்டுங்க. சூடேறின பிறகு ஒன்னுல இருந்து ரெண்டுக்கு மாறும்போது உதறுதா பாருங்க. அப்புறம் உங்க அபார்ட்மென்ட் சரிவுல ரிவேஸ்ல மெதுவா ஏத்துங்க. பழுதான கிளட்ச் அந்த இடத்துல காட்டிக் கொடுத்துரும். முடிஞ்சா ஒரு ஞாயிறு கடுகண்ணாவ ஏத்தம் வரைக்கும் போய் வாங்க, விக்கிறவர் சம்மதிச்சார்னா வண்டி மேல அவருக்கே நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம்.

சி.எச்.ஆர் ஹைபிறிட் இயந்திரம் பிரியஸ் வழி வந்தது, கியர்ல தொல்லை குறைவு. பின் சீற் ஓரத்துல பற்றரிக்குக் காத்து இழுக்கிற துவாரம் இருக்கும், அதுல தூசி அடைச்சா பற்றரி சூடாகிச் சீக்கிரம் சாகும். கழற்றிப் பாருங்க. றைஸ் ரேர்போ, அதனால எஞ்சின் எண்ணெய் நேரத்துக்கு மாத்தின சேர்விஸ் புத்தகம் இல்லாம வாங்காதீங்க.

இன்னொன்னு, எல்லாரும் எஞ்சினைத்தான் பார்க்கிறாங்க. நீங்க அப்பாவுக்காகத்தானே வாங்குறீங்க. அவரைக் கூட்டிட்டுப் போயி மூணுலயும் ஏத்தி இறக்கிப் பாருங்க.

வெள்ளவத்தை ஒழுங்கை:

ரெண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன், மன்னிக்கோணும்.

டீச்சர் அக்கா, டோர்ச்சோட வெசலைப் பாக்கப் போனனான். முன் பெல்ட் ரெண்டும் பளிச்செண்டு சுத்தமா இருந்தது, எனக்கு நிம்மதியாவே போச்சுது. பிறகு நீங்கள் சொன்ன சீட்டைத் தேடினன். டிரைவர் பக்கம் சீட்டே இல்லை, மற்றப் பக்கத்துச் சீட்டில 2017. வாகனம் 2014. சீற்றுக்கு அடியில கையை விட்டு மஞ்சள் இணைப்பைக் கழட்டினன், விரலில பச்சைப் பொடி ஒட்டினது. விரலைக் கார் சேலில நிண்ட பெடியனுக்குக் காட்டினன். அவன் நிலத்தைப் பாத்துக்கொண்டு, "அண்ணா, நான் இங்க சம்பளத்துக்கு நிக்கிறவன்" எண்டான். அவனோட கதைச்சு என்ன செய்யிறது, வந்திட்டன். மனிசி அண்டைக்கு முழுக்கக் கதைக்கேல்லை. பிறகு உங்கட பதிவை முழுசா வாசிச்சுப்போட்டு, உங்களுக்கு நன்றி எழுதச் சொன்னவ.

சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு மற்ற ரெண்டையும் பாத்தம். சி.எச்.ஆர் அருமையான வாகனம், ஆனால் பின் கதவு சரிஞ்சு வாறதால அப்பா தலையைக் குனிய வேண்டியிருந்தது, எங்கட சரிவிலயும் முன்பக்கம் ஒருக்கா உரசினது. றைஸில சீற் அவரின்ட இடுப்பு உயரத்துக்கு வந்தது. அப்படியே பின்னால சாய்ஞ்சு இருந்து, காலைத் தூக்கி உள்ளுக்கு வச்சார். சட்டத்தைப் பிடிச்சவர்தான், ஆனால் கண்ணை மூடேல்லை.

தெஹிவளை அண்ணா, டிக்கி 369 லீற்றர்தானாம், நல்லூருக்குப் போகேக்க ஒரு பெட்டியைப் பஸ்ஸில போட்டுவிடுவம். ஹட்டன் அண்ணா, றைஸைப் பின்னேரம் அஞ்சரைக்கு ஓடிப் பாத்தாச்சு, ஒரு உதறலும் இல்லை. சேர்விஸ் புத்தகம் முழுக்க இருக்கு, முதல் ஓனர். லீசிங் கடிதம் வாற புதன் தருகினமாம், அது வந்த பிறகுதான் காசு குடுப்பன். சி.வி.டி. எண்ணெய் மட்டும் இதுவரைக்கும் மாத்தேல்லை, மீற்றர் 52,000. வாங்கின உடனயே மாத்தட்டோ, இல்லாட்டி முதல் யாழ்ப்பாணப் பயணம் முடியட்டோ?

ஹட்டன் சாரதி:

உடனே மாத்துங்க அண்ணே. எந்த எண்ணெய்ன்னு புத்தகத்துல போட்டிருக்கோ அதே எண்ணெய். மாத்தி ஒரு கிழமை கொழும்புக்குள்ள ஓடிட்டு அப்பாவை ஏத்திக்கிட்டுக் கிளம்புங்க.