டீசல் இஞ்சினை விட்டு சோலாருக்கு மாறினால் கார்பன் காசு எவ்வளவு வரும்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

ஏத்தன்_விளை (திருவட்டார்)

விளை (தோட்டம்) ஒன்றரை ஏக்கர். ஏத்தன் (நேந்திரன்) வாழை, ஓரத்தில் தென்னை. கிணறு 12 மீட்டர். மழைக்காலத்தில் தண்ணி 3 மீட்டரில் நிற்கும், மாசி பங்குனியில் 9 மீட்டருக்கு இறங்கிவிடும். 5 எச்பி டீசல் இஞ்சின், வருஷத்துக்கு சுமார் 300 லிட்டர் குடிக்கிறது. இலவச கரன்ட் இணைப்புக்கு எழுதிப்போட்டது இன்னும் வரிசையில்தான் இருக்கிறது.

சோலார் போட்டால் கார்பன் கிரெடிட் (குறைத்த புகையை டன் கணக்கில் விற்கும் சான்று) வாங்கித் தருகிறோம், 20 வருஷ ஒப்பந்தம் என்று ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து பேசுகிறார்கள். அரசாங்கம் கார்பனுக்கு விலை வைத்தால் டீசல் எகிறும் என்றும் பயமுறுத்துகிறார்கள். இதில் எது சரி? எதை முதலில் செய்யணும்?

கார்பன்_கணக்கு

அண்ணாச்சி, முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உங்கள் 300 லிட்டருக்கு 804 கிலோ, அதாவது முக்கால் டன்னுக்குச் சற்று மேல். ஒரு டன்னுக்கு 1000 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் வருஷத்துக்கு 804 ரூபாய். அதில் கம்பெனியின் பங்கு, சரிபார்ப்புச் செலவு எல்லாம் கழியும். அதே 300 லிட்டர் டீசலை லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 27,000 ரூபாய். உங்களுக்கு லாபம் வாங்காத டீசலில்தான் இருக்கிறது, கிரெடிட்டில் இல்லை.

டீசல் எகிறும் என்ற பயத்துக்கும் இதே கணக்குதான். டன்னுக்கு 1000 ரூபாய் கார்பன் வரி போட்டால் லிட்டருக்கு 2 ரூபாய் 68 பைசா கூடும். வலிக்கும், ஆனால் அது ஒன்றே ஒருவரை சோலாருக்கு மாற்றிவிடாது. மாற்றுவது மானியமும் சரியான பம்பும்தான்.

நம் நாட்டில் இப்போது இருப்பது 2023ல் அறிவித்த கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம். இதில் இலக்கு வைப்பது சிமென்ட், அலுமினியம் போன்ற பெரிய ஆலைகளுக்கு. விவசாயி மேல் இதில் கட்டாயம் எதுவும் இல்லை. விரும்பினால் சேர்ந்து, குறைத்த புகைக்குக் கிரெடிட் வாங்கும் ஈடுசெய்யும் பிரிவில்தான் விவசாயமும் வருகிறது. நிலக்கரி மேல் 2010ல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய வரி 2016ல் 400 ஆனது. தூய எரிசக்திக்கென்று தொடங்கிய அந்தப் பணம் 2017ல் ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு வந்த வருவாய் இழப்பை ஈடுகட்டப் போய்விட்டது. கார்பனுக்கு வாங்கும் பணம் பம்பு மானியமாகத் திரும்பி வரவில்லையென்றால் விவசாயி அதை ஏன் ஆதரிக்கணும் என்று நான் கேட்பேன்.

கனடாவில் 2019ல் எரிபொருள் கார்பன் வரி போட்டபோது பண்ணை டீசலுக்கு விலக்குக் கொடுத்தார்கள், தானியம் காய வைக்கும் எரிவாயுவுக்குக் கொடுக்கவில்லை. அதற்கு அங்கே சரியான மாற்று இல்லை, சண்டை வருஷக்கணக்கில் ஓடியது. 2025 ஏப்ரலில் மக்கள் மீதான அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். மாற்று வழி கைக்கு எட்டாத இடத்தில் விலையை மட்டும் ஏற்றினால் இப்படித்தான் ஆகும்.

நாஞ்சில்_பம்பு

பம்பு பக்கம் நான் சொல்கிறேன். "5 எச்பி இஞ்சினுக்குப் பதில் 5 எச்பி சோலார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்காதீங்க. ஏக்கருக்கு ஆயிரம் வாழை, சொட்டுநீரில் ஒரு வாழை மூட்டுக்கு நாளைக்கு 20 லிட்டர். ஒன்றரை ஏக்கருக்கு 30,000 லிட்டர். கிணறு, குழாய் உராய்வு, சொட்டுநீர் அழுத்தம் எல்லாம் சேர்த்து 20 மீட்டர் உயரம் என்று எடுத்தால் தினம் 4 யூனிட் போதும். 3 எச்பிக்கு 3000 வாட் பேனல் வைப்பார்கள், நல்ல வெயிலில் அது 12 யூனிட் தரும். மேகம் மூடிய நாளிலும் தேவை ஓடிவிடும். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தண்ணி அதிகம் தேவைப்படுவது மார்கழி முதல் சித்திரை வரை, வெயிலும் அப்போதுதான் கொளுத்தும். பாத்தியில் பாய்ச்சுவதாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, சொட்டுநீரை முதலில் போடுங்க.

கிணற்றுக்கு மேலே வைத்து உறிஞ்சும் மோனோபிளாக் பம்பு வேண்டாம். 7 மீட்டருக்குக் கீழே தண்ணி போனால் உறிஞ்சாது. பங்குனியில் உங்களுக்கு 9 மீட்டர், அப்போது பம்பு வெறுமனே சுற்றும். திறந்த கிணற்றுக்கான நீர்மூழ்கிப் பம்பு கேளுங்க, கன்ட்ரோலரில் (பம்பை இயக்கும் பெட்டி) வறண்டு ஓடாத பாதுகாப்பு இருக்கான்னு பாத்துக்கிடுங்க.

நிழல்தான் இங்கே பெரிய வில்லங்கம். 15 மீட்டர் தென்னை டிசம்பரில் காலை 9 மணிக்கு 20 மீட்டருக்கு மேல் நிழல் விழுத்தும். பேனல்கள் வரிசையாகக் கோர்த்தவை, ஒன்றில் ஒரு ஓலை நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே சோர்ந்துவிடும். கிழக்கும் மேற்கும் மட்டும் பார்த்தால் பத்தாது. சித்திரை முதல் ஆவணி வரை நம்ம ஊரில் உச்சிவெயில் வடக்குச் சாய்வாக நிற்கும், வடக்கு ஓரத்துத் தென்னையும் கணக்கில் வரும். பேனலைத் தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வில் வைத்தால் போதும், மழைத்தண்ணி தூசியைக் கழுவிக்கொண்டு போகும்.

சித்திரை, ஐப்பசி இடிமின்னலில் கன்ட்ரோலர் போவது சகஜம். இடிதாங்கிக்கு ஒரு எர்த் குழி, கன்ட்ரோலருக்கு வேறொரு குழி, இரண்டையும் பிரித்துத் தோண்டச் சொல்லுங்க. ஒக்கி புயல் அடித்த ஊர் இது, ஸ்டாண்ட் கால்களுக்குக் கான்கிரீட் போடும்போது பக்கத்தில் நின்று ஆழம் பாருங்க. மூடிய பிறகு ஒன்றும் தெரியாது.

மானியம் பிஎம் குசும் என்ற மத்திய அரசின் சோலார் பம்புத் திட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக 60 சதவீதம். உழவன் செயலியில் பதியலாம்.

தோவாளை_பத்து

டீசலை மட்டும் பார்க்காதீங்க அண்ணே, யூரியாவும் எரிவாயுவில் பிறந்ததுதான். 45 கிலோ மூட்டை மண்ணில் கரையும்போது 33 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதிலுள்ள தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பது பொதுக்கணக்கு. அது கார்பன் டை ஆக்சைடை விட 273 மடங்கு சூடேற்றும், ஆக இன்னொரு 89 கிலோ. ஒரு மூட்டை யூரியா 45 லிட்டர் டீசல் எரிப்பதற்குச் சமம், தொழிற்சாலையில் எரிந்தது வேறு. சொட்டுநீர் வந்ததும் வென்சுரி (உரக்கரைசலை உறிஞ்சிக் குழாய்த் தண்ணியில் கலக்கும் கருவி) வைத்து வாரம் ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விடுங்க, கடைசி 10 நிமிஷம் வெறும் தண்ணி ஓட்டிக் குழாயைக் கழுவுங்க. மூட்டைக்கணக்கு தானாகக் குறையும்.

நெல்லுக்கு காய்ச்சலும் பாய்ச்சலும் செய்தால் மீத்தேன் நன்றாகக் குறையும், கிரெடிட்காரர்கள் அதற்கும் வருகிறார்கள். துளையிட்ட குழாயை மண்ணில் இறக்கி, தண்ணி 15 சென்டிமீட்டர் கீழே போனதும் 5 சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்சணும். பூக்கும் சமயத்தில் காயவிடக் கூடாது. ஆனால் பேச்சிப்பாறைத் தண்ணி கால்வாயில் முறை வைத்து வருவது. ஒருத்தர் வயல் காயணும் என்றால் மேல்வயல்காரரும் மடையை அடைக்கணும். பத்து (சேர்ந்து பாயும் வயல்பரப்பு) முழுவதும் ஒத்துக்கொள்ளாமல் தனியாளாகக் கையெழுத்துப் போட்டால் சரிபார்க்க வருபவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

ஏத்தன்_விளை (திருவட்டார்)

ரொம்ப நன்றி. கரன்ட் இணைப்பு கிடைத்தால் அதுவே போதாதா? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்கணும்?

கார்பன்_கணக்கு

செலவுக்கு அது போதும், புகைக்குப் போதாது. நம் நாட்டு கரன்டில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. 5 எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 3 கிலோ. டீசல் இஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் என்றால் 2.68.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் பாருங்க. கிரெடிட் யார் பேரில் பதிவாகும், விற்ற விலையை உங்களுக்கு எழுத்தில் காட்டுவார்களா, நடுவில் நிலத்தை விற்றால் என்ன ஆகும், விலகினால் அபராதம் உண்டா. அரசு மானியத்தில் போடும் பம்புக்கு "கிரெடிட் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது" என்று நிரூபிப்பது கஷ்டம், அதை அவர்கள் எப்படிக் காட்டப்போகிறார்கள் என்றும் கேளுங்க. வருஷம் 800 ரூபாய்க்கு 20 வருஷ உரிமையை எழுதிக் கொடுக்காதீங்க. மானிய விண்ணப்பத்தை முதலில் போடுங்க, ஒப்பந்தம் பிறகு பார்க்கலாம்.