கருத்தடை கேட்டுப் போன இடத்தில் என்ன நடந்தது? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் எழுதுங்கள்

ஓசூர்க்காரி:
ரொம்ப நாளாக மனதை அரிக்கிறது. ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. அவசரக் கருத்தடை மாத்திரை தேவை, ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலை பாகலூர் ரோட்டில் திறந்திருந்த மெடிக்கல்களில் எல்லாம் "அது வர்றதில்லைம்மா" என்ற ஒரே பதில்தான். கடைசியாகப் போன கடையில் ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரை வாங்க நின்றிருந்தார். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, அவருக்கும் கேட்கும்படி, "தமிழ்நாட்டுல அதுக்குத் தடைம்மா" என்றார். சரி என்று படியிறங்கினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறார்: "ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டி நேரா அத்திப்பள்ளி போங்க. அங்க எந்தக் கடையில கேட்டாலும் குடுப்பாங்க. நம்ம ஆளுங்க எல்லாம் அங்கதான் வாங்குறாங்க."

வீட்டுக்காரர் பைக்கில் கூட்டிப் போனார். அத்திப்பள்ளியில் கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே, இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுப்பதுபோல எடுத்து வைத்தார். நூறு ரூபாய்ச் சொச்சம். பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. அந்தப் பக்கம் அது மருந்து, இந்தப் பக்கம் என்னவாம்? எனக்குப் பக்கத்தில் கர்நாடகா இருந்தது, பைக் இருந்தது. அரூரில் இருக்கிறவள் எங்கே போவாள்?

மெடிக்கல் அண்ணன்:
கடைக்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். தருமபுரி பக்கம் பல வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை, அதுதானே நீங்கள் கேட்டது? அதை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. இங்கே தடை என்று ஒரு உத்தரவை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மொத்த வியாபாரி அனுப்புவதில்லை. கேட்டால் "உனக்கு எதுக்குப்பா வம்பு" என்கிறார். வம்பு என்ன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் கதை வேறு. ஒரு அம்மா சுருக்குப்பையிலிருந்து மாலா-டி, அதாவது தினமும் போடுகிற கருத்தடை மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டி, "இதே குடுப்பா" என்றார். வாங்கிப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலி. கடைசி வரிசையில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஏழும் முதலிலேயே தீர்ந்திருந்தது. வெள்ளை மாத்திரை முக்கால்வாசி அப்படியே இருந்தது. என்னம்மா இது என்றேன். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையாம். அவர் ஊருக்கு வருகிற அன்றைக்கு மட்டும் இந்த அம்மா ஒன்று போடுவாராம். கறுப்பாக இருக்கிற இரும்புச்சத்து மாத்திரைதான் பார்க்க வீரியமாகத் தெரிந்ததாம், அதனால் அதிலிருந்து ஆரம்பித்தாராம். அந்த அட்டையை யாரோ ஒருவர் அவர் கையில் கொடுத்துத்தானே இருப்பார்? கொடுக்கும்போது ரெண்டு நிமிஷம் பேசியிருக்கலாம். அந்த அட்டை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தெரியாதவர்களுக்கு: கருவைத் தடுப்பது வெள்ளை மாத்திரைதான். அந்த 21 மாத்திரை தினமும் ஒன்று, ஒரே நேரத்தில். அப்புறம் 7 நாள் இரும்புச்சத்து. உடனே அடுத்த அட்டை. ஒரு நாள் விட்டுப்போனால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், அன்றைய மாத்திரையையும் சேர்த்து. ரெண்டு மூன்று நாள் விட்டால் மறுபடி ஏழு நாள் ஒழுங்காகப் போடும்வரை ஆணுறை வேண்டும். புகைபிடிக்கிற, 35 தாண்டிய பெண்கள், பி.பி. இருப்பவர்கள், பால் கொடுக்கிற தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஓசூர்க்காரி:
அண்ணா, இது எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் நீங்கள் அந்த மாத்திரையை வாங்கி வைக்கிறீர்களா, இல்லையா?

காவேரிக்கரை:
பென்னாகரம் பக்கம். முதல் பிரசவம் பெரிய ஆசுபத்திரியில். பெயர் வேண்டாம். பையனுக்கு மூன்று மாதம் ஆனதும், அந்தரா என்கிற கருத்தடை ஊசி போடுகிறார்கள் என்று சப் சென்டருக்குப் போனேன். பெஞ்சில் எங்கள் தெருக்காரர்கள் நாலு பேர், என் மாமியாரும்தான். நர்சம்மா டிஸ்சார்ஜ் சீட்டைப் புரட்டிவிட்டு, "உனக்கு எதுக்கு ஊசி? உனக்குத்தான் உள்ளயே இருக்குதே" என்றார்.

என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. காப்பர்-டி, கருப்பைக்குள் வைக்கிற கருத்தடைச் சாதனம். நஞ்சுக்கொடி விழுந்த கையோடு வைத்திருக்கிறார்கள். பெஞ்சில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "எங்களுக்குத் தெரியாம நீயா போட்டுக்கிட்டியா?" என்று மாமியார் அங்கேயே ஆரம்பித்துவிட்டார். எனக்கே தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வீட்டுக்காரர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதை எடுக்கவில்லை. ஒரு தொந்தரவும் இல்லை, இன்னும் அதுதான் இருக்கிறது. அதனால் காப்பர்-டி கெட்டது என்று யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற நர்சம்மா:
காவேரிக்கரைக்கு. பிரசவ அறையில் கேட்டிருப்பார்கள் கண்ணு. வலியில் தலையாட்டியிருப்பாய், ஞாபகம் இருக்காது. எங்களை மட்டும் எல்லோரும் குறை சொல்கிறீர்கள். எங்கள் காலத்தில் ஆளுக்கு இத்தனை குடும்பக் கட்டுப்பாடு கேஸ் பிடித்தாக வேண்டும் என்று டார்கெட் இருந்தது. 1996-ல்தான் நாடு முழுக்க அதை எடுத்தார்கள். அதுவரை வருஷக் கணக்கு முடிகிற மார்ச் மாதம் வந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது.

சித்தேரி மலையில் ஒரு பிள்ளை, மூன்று குழந்தைக்குத் தாய், மாத்திரை அட்டையைக் கேழ்வரகுப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். மாமியார் களிக்கு மாவு அரைக்க அள்ளும்போது அட்டை முறத்தில் வந்து விழுந்தது. அடுத்த முறை நான் போனபோது அந்தப் பிள்ளை வெளியே வரவில்லை. மாமியார்தான் வந்து, அந்த அட்டையை என் பையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவ்வளவுதான்.

இப்போது இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரசவமானதும் 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி போடலாம். விட்டுப்போனால் ஆறு வாரம் கழித்து. 380-ஏ என்றால் 10 வருஷம், 375 என்றால் 5 வருஷம், எது போட்டார்கள் என்று அட்டையில் பாருங்கள். ரெண்டையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்த மாதமே கரு தங்கலாம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. தீட்டு தாறுமாறாக வரும், சிலருக்கு நின்றேபோகும், அதற்குப் பயந்து பாதியில் விடாதீர்கள். நிறுத்தினால் கரு தங்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம், அடுத்த வருஷமே குழந்தை வேண்டும் என்பவர்கள் யோசித்துப் போடுங்கள். சாயா மாத்திரை ஹார்மோன் இல்லாதது, லக்னோ ஆராய்ச்சிக்கூடத்தில் நம்மவர்களே கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரம் ரெண்டு, அப்புறம் வாரம் ஒன்று. பால் கொடுக்கிறவர்களும் போடலாம். மாத்திரையை மறக்கிற ஆளாக இருந்தால் ஞாயிறு, புதன் என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். எல்லாம் அரசு ஆசுபத்திரியில் இலவசம். ஓசூர்ப் பிள்ளை கேட்ட அவசர மாத்திரையும் அரசு சப்ளையில் உண்டு, 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைக்காது. தேவைப்படாவிட்டாலும் உங்கள் ஊர் நர்ஸிடம் முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காவேரிக்கரை:
அம்மா, எத்தனை வருஷம் வரும் என்று நான் கேட்கவே இல்லை. வலியில் ஆட்டிய தலை சம்மதம் ஆகுமா? மாசமாக இருக்கும்போது மாதா மாதம் செக்கப்புக்கு வந்தேனே, அங்கே ஒருநாள் உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம். உங்கள் கேழ்வரகுப் பானைப் பிள்ளைக்காவது அட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

மாங்கூழ்:
கிருஷ்ணகிரி, மாங்கூழ் கம்பெனியில் லோடிங். நான் ஆம்பிளை, எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். மனைவிக்கு ரெண்டும் சிசேரியன். மூன்றாவதாக அவளை இன்னொரு தடவை அறுக்க வேண்டாம் என்று, நானே ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போனேன். கத்தியில்லாத, தையலில்லாத ஆபரேஷன்தானே.

கவுன்ட்டரில் இருந்தவரிடம் "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுங்க" என்றேன். "பேர்?" சொன்னேன். "உன் பேர் இல்லப்பா, வீட்டுக்காரம்மா பேர்" என்றார். ஆபரேஷன் எனக்குத்தான் என்றேன். பேனா நின்றது. தலைநிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்தார். அப்புறம் உள்ளேயிருந்து இன்னொருவர். யாரும் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை, சும்மா பார்த்தார்கள். கடைசியில் அந்த ஃபாரத்தில் 'கணவர் பெயர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதி, அதை அடித்து, மேலே மறுபடி எழுதினார்கள்.

ஆபரேஷன் பத்துப் பதினைந்து நிமிஷம். 1,100 ரூபாய் அக்கவுன்ட்டில் ஏறியது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை, அதுவரை ஆணுறை என்றார்கள். அந்தப் பரிசோதனைக்குப் போன அன்றைக்கு லேபில் ஆளில்லை, அது ஒரு தனிக் கதை.

சும்மா வந்தேன்:
ஆம்பிளைக்கு ஆபரேஷன் எல்லாம் எமர்ஜென்சி காலத்தோடு போனது சார். எங்கள் தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போய்ப் பண்ணிவிட்டார்கள், அப்புறம் அவர் ஏர் பிடிக்கவே இல்லை. லோடிங் வேலை செய்கிற ஆள் நீங்கள், யோசித்திருக்கலாம்.

மாங்கூழ்:
உங்கள் தாத்தாவுக்கு நடந்தது அநியாயம். அவரைக் கேட்காமல் செய்தது தப்பு. அதற்கும் பலத்துக்கும் என்ன சம்பந்தம்? விந்தணு வருகிற குழாயைத்தான் கட்டுகிறார்கள். ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, அதை யாரும் தொடுவதில்லை. ஒரு வாரம் கனம் தூக்காதே என்றார்கள், தூக்கவில்லை. இந்த சீசனில் பெட்டி பெட்டியாக மாங்காய் இறக்குகிறேன். இந்தியா முழுக்கக் கணக்கெடுத்ததில் (தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21) கல்யாணமான ஜோடிகளில் பெண் ஆபரேஷன் பண்ணிக்கொண்டது 37.9 சதவீதம், ஆம்பிளை பண்ணிக்கொண்டது 0.3. ஃபாரத்தில் பேனா தானாக மனைவி பெயருக்குப் போவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ரெட்டைப் பொண்ணு அம்மா:
பாலக்கோடு. எனக்கு ரெண்டும் பெண். சின்னவளுக்கு ரெண்டு வயசு ஆகப்போகும்போது ஆபரேஷனுக்குப் பெயர் கொடுக்கப் போனேன். "பையன் இல்லையேம்மா" என்றார் அங்கிருந்தவர். தெரியும் என்றேன். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லு." அவர் லாரி ஓட்டுகிறார், அன்றைக்கு மகாராஷ்டிராவில் இருந்தார். போன் போட்டு ஸ்பீக்கரில் கொடுத்தேன். "அவ சொல்றதுதாங்க" என்றார். விட்டாரா? "நல்லா யோசிங்க சார், பின்னாடி பையன் வேணும்னா கஷ்டம் சார்" என்று இவர் ஆரம்பித்துவிட்டார். எதிரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு 'நீ', நாசிக் ரோட்டில் இருக்கிறவருக்கு 'சார்'. அறுக்கப்போவது என் வயிற்றை.

கணவர் கையெழுத்து கட்டாயமே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. 22 வயதுக்கு மேல், கல்யாணமாகி, ஒரு வயசு தாண்டிய ஒரு குழந்தை இருந்தால் போதும். என் சம்மதம் போதும்.

இது எங்கே? பெண் பிள்ளை என்றால் கள்ளிப்பால் என்று பெயர் வாங்கி, சேலத்தில் 1992-ல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் கொண்டுவந்து வைத்த மாவட்டத்தில். ரெண்டு பெண்ணோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒருத்தி தானாக வந்து நின்றால் மாலை போட வேண்டாம், பெயரையாவது எழுதலாம் இல்லையா?

என்னைப்போல ரெண்டும் பெண்ணாக இருப்பவர்கள்: முதலமைச்சரின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் தலைக்கு 25,000 ரூபாய் வைப்பு போடுகிறார்கள், ஒரே பெண் என்றால் 50,000. கருத்தடை ஆபரேஷன் சான்றிதழ் கேட்பார்கள். கணவர் செய்துகொண்டாலும் செல்லும். சின்னப் பிள்ளைக்கு மூன்று வயசு முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாங்கூழ் அண்ணன், உங்களுக்கு என்ன பிள்ளைகள்?

மாங்கூழ்:
ஒரு பையன், ஒரு பெண். எங்களுக்கு அது கிடைக்காதும்மா.

சிப்காட் ரூம்மேட்:
சின்னதாக எழுதுகிறேன். கல்யாணம் ஆகவில்லை. மாத்திரை ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பார்க்கலாம் என்று போனேன். வாசலில் டோக்கன் போடுகிறவர் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே காலைப் பார்த்தார். மெட்டி இல்லை. "கூட யாரு வந்திருக்காங்க?" அவ்வளவுதான், திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் ஃபேன்சி ஸ்டோரில் ஒரு ஜோடி மெட்டி வாங்கிப் போட்டுக்கொண்டு வேறு இடத்துக்குப் போனேன். "வாங்கம்மா, உக்காருங்க" என்றார்கள். என் ரூமில் ஆறு பேர். அந்த மெட்டி இப்போது பொதுச் சொத்து, யாருக்குத் தேவையோ அவர்கள் போட்டுக்கொண்டு போவார்கள். ஒருத்திக்கு மட்டும் விரல் பெரிது, நுழையாது.

ஓய்வுபெற்ற நர்சம்மா:
உங்கள் நல்லதுக்குத்தான் கேட்டிருப்பார்கள் பாப்பா. இந்த வயசில் எதற்கு...

சிப்காட் ரூம்மேட்:
பார்த்தீர்களா, நீங்களும் காலைத்தான் பார்க்கிறீர்கள்.

மெடிக்கல் அண்ணன்:
என் கடைக்கு யார் வந்து மாலா-டி கேட்டாலும் கொடுப்பேன், கால் பக்கமே பார்க்க மாட்டேன். போட வேண்டிய முறையையும் சொல்லித்தான் அனுப்புவேன்.

ஓசூர்க்காரி:
நான் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை அண்ணா.

மெடிக்கல் அண்ணன்:
மொத்த வியாபாரியிடம் இன்றைக்கும் கேட்டேன்மா. "கேக்குறது யாரு?" என்றார். ஒரு பத்து அட்டை அனுப்புங்கள், யாரென்று அப்புறம் சொல்கிறேன் என்றேன். வைத்துவிட்டார்.