மாமனார் கொடுத்த 12 அங்குலக் கத்தரி கைக்கு அடங்கவில்லை, எதை வாங்கலாம்?

மாயவரத்து மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் கிராமம். போன தை மாதம்தான் தையல் வகுப்பு முடித்தேன். எனக்கும் நாத்தனாருக்கும் ரவிக்கை, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை, அக்கம்பக்கத்துப் புடவைகளுக்கு ஃபால்ஸ், இவ்வளவுதான் என் வேலை.

மாமனார் தையற்காரராக இருந்தவர். தன்னுடைய 12 அங்குல இரும்புக் கத்தரியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஆசையாக வாங்கிக்கொண்டேன். ஆனால் என் கை சின்னது. இரண்டு ரவிக்கை வெட்டுவதற்குள் கட்டைவிரல் அடியில் வலி எடுக்கிறது. கைக்குழி வளைவில் சாக்பீஸ் கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது.

அதனால் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தரி ஒன்று வாங்கினேன். டூ பை டூ ரூபியா ரவிக்கைத் துணியை நன்றாகவே வெட்டுகிறது. வழுக்குகிற கிரேப் துணியை வைத்தால் நுனியில் வெட்டாமல் துணி மடங்கி அலகுக்குள் போய்விடுகிறது. எத்தனை அங்குலம் வாங்கலாம்? இரும்பா, எவர்சில்வரா? மாமனாருடைய கத்தரி ஐப்பசி மழையில் துருவேறிவிட்டது. அவரிடம் சொல்லவே மனசு வரவில்லை. அதைச் சரி செய்ய முடியுமா?

கும்பகோணம் டெய்லர்:

தங்கச்சி, 35 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். 12 அங்குலம் கடைக்கான கத்தரி. நாலைந்து துணியை அடுக்கி வெட்டவும், பேன்ட் துணியில் நீளமாக ஓட்டவும் அது வேண்டும். வீட்டுத் தையலுக்கு 8 அல்லது 9 அங்குலம் போதும். இந்த அங்குலக் கணக்கு நுனியிலிருந்து பிடியின் கடைசி வரை உள்ள மொத்த நீளம். வெட்டுகிற வாய் அதைவிட மிகக் குறைவு என்பதால் 8-க்குக் கீழே போக வேண்டாம்.

அடுத்தது பிடி. நீங்கள் வாங்கியது நேர்பிடியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது காகிதம் வெட்டத்தான் சரி. தையல் கத்தரிக்குப் பிடி மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கீழ் அலகு மேசையோடு படிந்து போகும், துணி மேலே தூக்காது. துணி தூக்கினால் கோடும் கூடவே நகர்ந்துவிடும். பெரிய வளையத்தில் மூன்று விரலாவது தாராளமாக நுழையட்டும்.

கடைக்குப் போகும்போது கிரேப் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் காகிதத்தை வெட்டிக் காட்டுவார், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் துணியை இரண்டாக மடித்து, அலகின் அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பில் வெட்டிப் பாருங்கள். நுனியில் மென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்தால் நடுவில் மெல்லிய சந்து தெரியும், நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அது குறை இல்லை, நல்ல கத்தரியின் அடையாளம். நடுவில் அடித்து இறுக்கிய ரிவெட் ஆணி இல்லாமல் திருகு இருப்பதாக வாங்குங்கள். தளர்ந்தால் நாமே முடுக்கிக்கொள்ளலாம்.

மாமனார் கத்தரியைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். பழைய வண்டி இரும்பிலிருந்து அடித்துச் செய்கிற, உத்தரப் பிரதேசத்து மீரட் ஊர்க் கத்தரிகளுக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. உங்களுடையதும் அந்த ஊர் வேலையாக இருக்கலாம். தையல் மிஷின் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைத்துத் துருவைத் துணியால் தேய்த்து எடுங்கள். ஆனால் தெருவில் வருகிற சாணைக்காரரிடம் அவசரத்தில் நீட்ட வேண்டாம். கத்தரிக்கு வெளிப்பக்கச் சாய்வை மட்டும்தான் தீட்ட வேண்டும். இரண்டு அலகும் உரசுகிற உட்பக்கத்தைச் சாணையில் வைத்தால் அப்புறம் அது துணியை வெட்டவே வெட்டாது. எனக்கு அப்பா கொடுத்த கத்தரி அப்படித்தான் போனது. இன்றைக்கும் அந்த வருத்தம் இருக்கிறது. உங்கள் ஊர் தையல் கடைகளில் கேட்டால் யாரிடம் கொடுக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

திருவாரூர் இடக்கைக்காரி:

அக்கா, நீங்கள் எந்தக் கையால் வெட்டுகிறீர்கள்? எனக்கும் அதே வலி இருந்தது. சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் விரல் அழுத்தம் இரண்டு அலகையும் விலக்கிவிடும், வெட்டுகிற கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். அலகு மாறி அமைந்த இடக்கைக் கத்தரி தனியாகவே கிடைக்கிறது. இரண்டு வருஷம் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாகை தையல் அம்மா:

எங்களுக்குக் கடல் காற்று. இரும்பு நாலே நாளில் சிவந்துவிடும், அதனால் நான் எவர்சில்வர்தான் வைத்திருக்கிறேன். இரும்பின் கூர்மை நாள்பட நிற்கும் என்பது உண்மைதான். மழை மாதத்தில் வேலை முடிந்ததும் துடைத்து, திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்க முடியும் என்றால் இரும்பே வாங்குங்கள்.

கிரேப் வழுக்கினால், கீழே பருத்திப் போர்வையை விரித்து அதன் மேல் போட்டு வெட்டுங்கள், துணி ஓடாது. குண்டூசி மேல் அலகு ஏறக் கூடாது, ஒரு தடவை ஏறினாலே வாயில் பள்ளம் விழும். முக்கியமாக, கத்தரிப் பிடியில் ஒரு சிவப்பு நாடா கட்டுங்கள். எங்கள் வீட்டில் உர மூட்டைத் தையலை என் கத்தரியால் பிரித்துவிட்டார்கள். நாடா கட்டிய பிறகு யாரும் தொடுவதில்லை.

மாயவரத்து மருமகள்:

எனக்கு வலது கைதான், தங்கச்சி. அண்ணன் சொன்னபடி கிரேப் துண்டோடு போனேன். நாலு கத்தரி வெட்டிப் பார்த்ததில் ஒரு 9 அங்குல இரும்புதான் நுனி வரை சுத்தமாக வெட்டியது. நேற்று இரண்டு ரவிக்கை வெட்டினேன், கைக்குழி கோட்டிலேயே வந்தது, வலி இல்லை.

மாமனாரிடம் துருவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவரே எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். சீர்காழியில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை தானே எடுத்துப் போய்த் தீட்டி வருகிறேன் என்கிறார்.